கீவ் இளவரசனும் ஆடி மாத மாப்பிள்ளையும்

அந்தப் புத்தகத்தை மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டபோது அதில் வரும் சண்டைகள்தான் எனக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், வடக்கே கீவ் நகரத்தை ஆண்ட ரூஸ் மக்களும் தெற்கே கான்ஸ்டாண்டிநோபிளில் கொழுத்திருந்த பைசாந்தியப் பேரரசும் எப்படி வெட்டிக்கொண்டார்கள், எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று சொல்லும் தடித்த பிரெஞ்சுப் புத்தகம் அது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் கேட்டது. நான் புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள். மில் தொழிலாளியின் மகள். கவர்மென்ட் பள்ளியில் தப்பித்தவறிப் பிரெஞ்சு வகுப்பில் விழுந்து, அதையே பிடித்துக்கொண்டு மேலே வந்தவள். கோடை விடுமுறையில் வேறு வேலை இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன்.

சண்டைகள் என்னை ஒன்றும் செய்யவில்லை. ரூஸ் படகுகள் கருங்கடலைத் தாண்டி வரும், கரையோர ஊர்களைக் கொளுத்தும். பாதிரியார்களின் மண்டையில் ஆணி அடித்ததாகக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள். பதிலுக்குப் பைசாந்தியத்துக் கிரேக்கர்கள் தண்ணீரிலும் அணையாத நெருப்பைக் குழாய் வழியாகப் பீய்ச்சி அடித்தார்கள். எரிந்து சாவதைவிட மூழ்கிச் சாவது மேல் என்று ஆட்கள் கவசத்தோடு கடலில் குதித்தார்கள். உயிரோடு பிடிபட்டவர்களைத் தலைநகருக்குக் கொண்டுபோய்த் தலையைச் சீவினார்கள். இதையெல்லாம் மே மாத வெயிலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, பக்கத்தில் மோர்சோற்றை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

எனக்குக் குமட்டியது சமாதானம்தான். நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் இன்று எதிரெதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசுகிறார்கள். ரூஸ் வியாபாரிகள் நகரத்துக்குள் எந்த வாசல் வழியாக வர வேண்டும், ஆயுதம் இல்லாமல் எத்தனை பேராக வர வேண்டும், அவர்களுக்கு ரொட்டியும் ஒயினும் மீனும் எவ்வளவு காலத்துக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு பட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று பேசுகிறார்கள். விருப்பப்பட்டபோதெல்லாம் அவர்கள் குளிக்க ஏற்பாடு உண்டா என்பதும் பேச்சில் இருக்கிறது. கரையில் எரிந்துபோன ஊர்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரைக் கொளுத்தியவனுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிறார்கள். சீச்சீ என்று லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

ஜூலையில் பள்ளி திறந்திருந்தது, வேலை மெதுவாக நகர்ந்தது. அப்போதுதான் என் அண்ணன் மாடியேறி வந்து, மகளுக்கு ஒரு இடம் வந்திருப்பதாகச் சொன்னார். நான் இருப்பது அவர் வீடு இருக்கும் அதே தெருவில் ஒரு மாடி வீட்டில், தனியாக. அண்ணன் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் நர்சிங் படித்து, ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகன் டிப்ளமா முடித்துவிட்டு, அப்பா சொன்ன எந்தக் கம்பெனிக்கும் போகாமல், பிரான்சுக்குப் போனால்தான் வாழ்க்கை என்று வீட்டில் படுத்துக் கிடந்தான். வந்த இடம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள இடம்.

எங்கள் ஊரில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரன் போனபோது சில குடும்பங்கள் அவன் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டன. அந்த வீட்டு ஆண்கள் அவன் பட்டாளத்தில் சேர்ந்து, எந்தெந்த நாட்டிலோ எவனெவனையோ சுட்டுவிட்டு, பென்ஷனோடு திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு இங்கே சொல்தா என்று பெயர். சொல்தா வீடு என்றால் தெருவே எழுந்து நிற்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பாரிசுக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு லீவு கிடைப்பது ஆகஸ்டில். ஆகஸ்டில் பாதி நமக்கு ஆடி.

ஆடியில் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள். ஆனால் லீவு ஆவணிவரை நீளாது. அதனால் இங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஆடியிலேயே வருவார்கள், ஆனால் பெண் பார்க்க வந்ததாகச் சொல்ல மாட்டார்கள். சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்பார்கள். பூ கிடையாது, தட்டு கிடையாது, காபி மட்டும். ஆடித் தேர் பார்க்க வீராம்பட்டினம் போகிற வழியில் எட்டிப் பார்த்தோம் என்று சொன்ன கூட்டத்தை எனக்குத் தெரியும், அவர்கள் வந்த வீடு வீராம்பட்டினத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் தாலி. சாமியையே இப்படி ஏமாற்றுகிறவர்கள் மனிதர்களை எப்படி விடுவார்கள்?

அண்ணனுக்கு அதெல்லாம் பெரிதில்லை. மகள் போனால் பின்னாலேயே மகனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தாராம். மனைவியின் தம்பிக்கெல்லாம் அப்படி விசா கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். உனக்குப் புத்தகம் தெரியும், உலகம் தெரியாது என்றார். ஆனால் மாப்பிள்ளைக்குத் தமிழ் சரியாக வராது, அதனால் அன்றைக்கு நான் வந்து நடுவில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். என் தங்கச்சி பிரெஞ்சு பேசுவாள் என்று அந்த அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். கவர்னர் காலத்தில் துரைக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசியவரைத் துபாசி என்பார்கள். அந்த உத்தியோகம் எனக்கு வந்தது.

அண்ணன் மகள் மறுநாள் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக என்னிடம் வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வார்டிலிருந்து அவளைப் புதிதாக ஐ.சி.யு.வுக்கு மாற்றியிருந்தார்கள், அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மேற்கொண்டு படிக்கவும் ஆசை. கல்யாணமே வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இங்கே வாங்கிய நர்சிங் சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோய் அங்கே அப்படியே வேலைக்குச் சேர முடியாது, மறுபடி படிக்க வேண்டியிருக்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

"அத்த, அங்க என்னப் படிக்க வெச்சு வேலைக்கு அனுப்புவாரான்னு அவர் வாயாலயே கேளு. நல்லதோ கெட்டதோ, அவர் என்னா சொல்றாரோ அத அப்படியே என்னாண்ட சொல்லிடு. நீயா ஒண்ணும் சேக்காத, கொறைக்காத."

சரி என்றேன். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அது கிடைத்தால் போவதா இருப்பதா என்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

அந்த வாரம் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது இளவரசியின் கதை. பைசாந்தியப் பேரரசனுக்கு எதிராக அவன் தளபதியே கிளம்பி, தலைநகருக்கு எதிர்க்கரைவரை வந்து நிற்கிறான். பேரரசனிடம் ஆள் இல்லை. கீவ் இளவரசனிடம் சில ஆயிரம் வீரர்களைக் கேட்கிறான். தருகிறேன், உன் தங்கையைக் கொடு என்கிறான் இளவரசன். சாதாரணத் தங்கை இல்லை. அப்பா பேரரசனாக ஆண்டபோது, அரண்மனையின் ஊதாக் கல் பதித்த பிரசவ அறையில் பிறந்தவள். அப்படிப் பிறந்த பெண்ணை வடக்கத்தியக் காட்டுமிராண்டிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அவளுடைய தாத்தா பெரிய உபதேசமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். கீவ்காரனுக்கோ ஏற்கெனவே மனைவிகள் இருந்தார்கள், வைப்பாட்டிகள் நூற்றுக்கணக்கில் என்று அவன் ஊர்ப் பாதிரியாரே எழுதியிருக்கிறார்.

வீரர்கள் வந்தார்கள், தளபதி தோற்றான். காரியம் ஆனதும் பேரரசன் தங்கையை அனுப்பாமல் இழுத்தடித்தான். பாசத்தால் இல்லை, கௌரவத்தால். உடனே இளவரசன் கருங்கடற்கரையில் இருந்த கெர்சோன் என்ற கிரேக்க நகரத்தை முற்றுகை போட்டுப் பிடித்தான். தங்கை வராவிட்டால் தலைநகருக்கும் இதே கதி என்று சொல்லி அனுப்பினான். நீ ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் தருகிறோம் என்று பதில் போனது. வாங்கிக்கொள்கிறேன் என்றான். இளவரசி அழுதாள். அடிமையாகப் போவதைவிடச் சாகலாம் என்றாள். உன்னால் ஒரு நாடே கடவுளிடம் வரும், நம் நாடும் போரிலிருந்து தப்பிக்கும் என்று அண்ணன்மார் இருவரும், பேரரசனும் அவன் தம்பியும், சமாதானம் சொல்லிக் கப்பலில் ஏற்றினார்கள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? அவர்களிடமிருந்து பிடித்த கெர்சோன் நகரத்தையே பெண்ணுக்கான பரிசமாக அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தான். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணன்மார் சமாதானம் சொல்லும் அந்த வரி எனக்குத் தமிழில் வரவே இல்லை. எப்படி எழுதினாலும் பாடப்புத்தகத்தில் வரும் ராஜா வசனம்போல ஒலித்தது. அந்த இடத்தை வெற்றாக விட்டுவைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தார்கள். காலையில் மழை பெய்து தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் வீடு முழுக்க ரோஜா வாசனை ஸ்பிரேயை அடித்துவைத்திருந்தார். சாக்கடையும் ரோஜாவும் சேர்ந்து ஒரு நாற்றம் அடித்தது. அந்த அம்மா உள்ளே வந்து, சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடவில்லை, கேசரியைத் தொடவில்லை. கான்ஸ்டாண்டிநோபிள் வாசலில் கிரேக்கர்கள் கொண்டுவந்து நீட்டிய சாப்பாட்டை விஷம் இருக்கும் என்று ஒரு ரூஸ் தலைவன் தொட மறுத்த கதை எனக்கு நினைவுக்கு வந்தது. அவனாவது சண்டைக்கு வந்தவன்.

மாப்பிள்ளை முப்பதைத் தாண்டியவர், ரயில்வேயில் வேலை. களைத்த முகம். சொல்லப்போனால் அந்தக் கூட்டத்தில் யோக்கியமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். அண்ணனும் அண்ணியும் நாற்காலி நுனியில் இருந்தார்கள். மகன் கதவோரம் நின்று மாப்பிள்ளையின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் விமானம், வெயில், பாரிஸ் குளிர் என்று பேச்சு ஓடியது. அப்புறம் நான் அவள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இவள் அங்கே நர்சிங்கை மறுபடி படித்து வேலைக்குப் போகலாமா?

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். எழுப்புவது, குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் அம்மாதான். அம்மாவுக்கு இடுப்பு போய்விட்டது. வீட்டுக்கு வரும் ஆட்களை அப்பா விரட்டி விடுகிறார். அதனால்தான் நர்ஸ் படித்த பெண்ணாகப் பார்க்கிறோம். அப்பா இருக்கும்வரை அவள் வெளியே வேலைக்குப் போவது முடியாது, அவளுக்கு வேலை வீட்டிலேயே இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா பெண்ணைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"தாராளமா படிக்கலாம், வேலைக்கும் போலாம்னு சொல்றான்மா. அங்கல்லாம் பொம்பளைங்க வூட்ல குந்தியிருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். உனக்குப் புரிந்தது எனக்குத் தெரியும், பேசாமல் இரு என்கிற சிரிப்பு. அதைப்போல அருவருப்பான ஒன்றை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அண்ணி நிம்மதியாக மூச்சு விட்டார். பெண் மட்டும் அந்த அம்மாவைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். அவர் சொன்ன வரிசையிலேயே, டயப்பர் உள்பட, ஒன்றையும் விடாமல் சொன்னேன். மாப்பிள்ளைக்கு அது எந்த அளவு புரிந்ததோ, அப்பா என்ற சொல் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போடும், எழுந்து இவர்களைப் போகச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

அவர் என்மீதுதான் எரிந்து விழுந்தார்.

"அதெல்லாம் எனக்கு முன்னயே தெரியும். அந்தம்மா போன்லயே சொல்லிட்டாங்க. உன்ன எவன் இப்ப அத எடுக்கச் சொன்னான்?"

அப்புறம் குரலை இறக்கி மகளிடம் பேசினார். அவர் அப்படிக் கெஞ்சிப் பேசி நான் கேட்டதில்லை. "என்னாம்மா பெரிய வேல? ஆஸ்பத்திரியில பண்றதுதான? கொஞ்ச நாளு. உன் தம்பி கரையேறிடுவான், எங்களுக்கும் ஒரு கவல விடும். உன்னால நாலு பேர் நல்லா இருக்கப் போறாங்க, அத நெனச்சிப் பாரு."

நான் அருவருத்தது அந்த அம்மாவை இல்லை இப்போது. அவர் தன் புருஷனுக்கு ஆள் தேடுகிறார், பொய் சொல்லித் தேடுகிறார், போகட்டும். இவர் தெரிந்தே கொடுக்கிறார். பெற்ற மகளைக் கொடுத்து, வராத விசாவை வாங்கப் பார்க்கிறார். கதவோரம் நின்றவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் அவள்மீது இரக்கம் இல்லை, அவள் என்ன சொல்லப் போகிறாள் என்ற பதைப்புதான் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவன்!

அவள் அழவில்லை. மாப்பிள்ளையை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அத்த, அவராண்ட சொல்லு. அவங்க அப்பாவப் பாத்துக்கறதுல எனக்கு அசிங்கம் ஒண்ணும் இல்ல. வார்டுல தெனம் அதத்தான் பண்றேன். ஆனா அங்க சம்பளத்துக்கு வெச்சிருக்காங்க, யாரும் என்னக் கட்டிக்கல."

அதையும் அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். அவள் சொல்வது நியாயம் என்று அவர் பிரெஞ்சில் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, சும்மா வந்தோம், ஆடி முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி எழுந்தார்.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தம்பி வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்று மகளைப் பேசினார்கள். அத்தை ஏற்றிவிட்டாள் என்று என்னைப் பேசினார்கள். நான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் உட்கார்ந்து, வெற்றாக விட்டிருந்த இடத்தை ஒரே மூச்சில் நிரப்பினேன். இளவரசியிடம் அவள் அண்ணன்மார் சொல்கிறார்கள்: "உன்னால நாலு பேர் நல்லா இருக்கப் போறாங்க, அத நெனச்சிப் பாரு." அதற்குப் பிறகு அந்த அத்தியாயம் தடங்கல் இல்லாமல் ஓடியது.

பதிப்பகத்தில் அந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பேரரசர்கள் இப்படிப் பேச மாட்டார்கள், மூலத்தில் கடவுள், நாடு, மீட்பு என்றெல்லாம் இருக்கிறது, மாற்றித் தரவும் என்றார் அங்கே இருக்கும் பிழைதிருத்துகிறவர். அவர் சொன்னது சரிதான், மூலத்தில் இருப்பது அதுதான். நல்ல பிள்ளையாக மாற்றிக் கொடுத்தேன். கடவுளும் நாடும் மீட்பும் அந்தப் பக்கத்தில் இப்போது பளபளவென்று இருக்கின்றன. புத்தகம் வந்தால் அந்தப் பக்கத்தை நான் திருப்பப் போவதில்லை.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் அதே மாப்பிள்ளைக்கு, ஊரின் வேறொரு கோடியில் இருக்கும் ஒரு பெண்ணோடு கல்யாணம் நடந்தது. பத்திரிகை அண்ணனுக்கும் வந்தது. அவர் போனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், சாப்பிட்டு, நாளைக்கு மகனுக்கு உதவுவார்கள் என்று எல்லோரிடமும் பல்லை இளித்துவிட்டு வந்தார் என்று அண்ணி வந்து சொன்னார். கல்யாணத்துக்குப் போனதைவிட அதை அண்ணி மெச்சிக்கொண்டு சொன்ன விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. மண்டபத்தில் கொடுத்த தாம்பூலப் பையில் தேங்காயோடு ஈஃபில் கோபுரம் தொங்கும் சாவிக்கொத்து ஒன்றும் இருந்ததாம்.

அந்தச் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டுதான் அண்ணன் மகள் மறுநாள் மாடியேறி வந்தாள். மதிய டூட்டிக்குக் கிளம்பியிருந்தாள், பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மேஜையில் கிடந்த அச்சுப்படியை எடுத்துப் புரட்டினாள். இளவரசியின் அத்தியாயத்தை நின்றபடியே முழுக்கப் படித்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், அதற்கடுத்ததையும் திருப்பினாள். கீவ் நகரத்தில் தேவாலயம் கட்டுகிறார்கள், மறுபடி எவனோடோ சண்டைக்குப் போகிறார்கள்.

"அங்க போனப்புறம் இவ என்னா சொன்னா?"

அதற்குப் பிறகு அவள் பேசியதாக ஒரு வரியும் இல்லை என்றேன். அவள் செத்ததையும் புதைத்ததையும் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அச்சுப்படியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சாவிக்கொத்தை அதன்மேல் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படி இறங்கப் போனவள் நின்றாள்.

"நேத்து கல்யாணம் ஆச்சே, அந்தப் பொண்ணும் நர்ஸுதானாம். அவளுக்கும் பிரெஞ்சு தெரியாதாம். அவங்க வூட்டுக்கு யாரு அத்த வந்து பேசினாங்க?"

அதை அண்ணி முந்தின நாளே சொல்லியிருந்தார். அங்கே வெளியாள் யாரும் வேண்டாம் என்று, மாப்பிள்ளையின் அம்மாவே இரண்டு பக்கமும் பேசி முடித்தாராம்.